உங்கள் பெயரில் இன்னொரு கணக்கு: ஆள்மாறாட்டத்தை அகற்றவும் அடையாளத்தை நிறுவவும் ஒரு முழுமையான வழிகாட்டி

கொடைக்கானலில் பெருமாள்மலைக்குச் சற்று மேலே, மூன்று அறைகள் மட்டுமே கொண்ட ஒரு தங்கும் விடுதியை நானும் என் கணவரும் நடத்தி வருகிறோம். ஒரு மே மாதச் சீசனில், சனிக்கிழமை இரவு எட்டு மணியளவில், மதுரையிலிருந்து வந்த குடும்பம் ஒன்று இரண்டு குழந்தைகளோடும் வயதான பாட்டியம்மா ஒருவரோடும் எங்கள் வாசலில் வந்து நின்றது. அவர்களிடம் இ-பாஸ் இருந்தது. 6,000 ரூபாய் முன்பணம் செலுத்தியதற்கான ரசீதும் கைபேசியில் இருந்தது. எங்கள் பதிவேட்டில் அவர்கள் பெயர் மட்டும் இல்லை. அவர்கள் காட்டிய சமூக ஊடகக் கணக்கில் எங்கள் வீடு, எங்கள் தோட்டத்து ஹைட்ரேஞ்சியா, என் கணவர் விறகு பிளந்துகொண்டிருக்கும் படம் என எல்லாமே எங்களுடையவையாக இருந்தன. தொலைபேசி எண் ஒன்றுதான் வேறு. அறைகள் நிறைந்திருந்ததால் கூடத்தில் பாய் விரித்து அவர்களைத் தங்க வைத்தோம். மறுநாள் காலை புறப்படும்போது, "நீங்க வச்ச படத்த நம்பித்தானேம்மா பணம் போட்டோம்" என்று அந்தப் பாட்டியம்மா சொன்ன சொல் இன்னும் என் காதில் இருக்கிறது.

அந்தப் போலிக் கணக்கை அகற்ற எங்களுக்குப் பதினொரு நாட்கள் ஆயின. அவற்றில் பெரும்பகுதி எங்கள் அறியாமையால் வீணானவை. அதன்பின் இதே தொல்லைக்கு ஆளான வாடகைக் கார் ஓட்டுநர், பூம்பாறையில் மலைப்பூண்டு விற்பவர், பள்ளி ஆசிரியை ஆகியோருக்கு உடனிருந்து உதவியபோது ஒன்றைத் தெளிவாக உணர்ந்தேன். ஊருக்கே நம்மைத் தெரிந்திருந்தாலும் கணக்கை நடத்தும் நிறுவனத்துக்கு நம்மைத் தெரியாது. நாம்தான் நாம் என்பதைக் காகிதத்தாலும் எண்ணாலும் பெயராலும் முன்கூட்டியே நிறுவி வைத்திருந்தால்தான், தொல்லை வரும் நாளில் நம் சொல் எடுபடும்.

முதல் படி: நேர்ந்தது எது என்று பிரித்தறிதல்

பதற்றத்தில் இருப்பவர்கள் எல்லாவற்றையும் "ஹேக் பண்ணிட்டாங்க" என்றே சொல்கிறார்கள். உண்மையில் இவை மூன்று வெவ்வேறு நிகழ்வுகள். மூன்றுக்கும் மருந்து வேறு. உங்கள் கணக்கு உங்களிடமே இருக்க, உங்கள் பெயரையும் படத்தையும் எடுத்து வேறொருவர் புதிய கணக்கு தொடங்கியிருந்தால் அது ஆள்மாறாட்டம். உங்கள் கணக்கினுள்ளேயே புகுந்து கடவுச்சொல்லை மாற்றி உங்களை வெளியேற்றியிருந்தால் அது கணக்குக் கைப்பற்றல். உங்கள் கைபேசி எண்ணின் வாட்ஸ்அப்பை வேறொரு கருவியில் இயக்குவது மூன்றாவது வகை.

வாட்ஸ்அப் பறிபோயிருந்தால் தீர்வு உங்கள் கையிலேயே இருக்கிறது. அதே எண்ணை உங்கள் கைபேசியில் மீண்டும் பதிவுசெய்து, குறுஞ்செய்தியில் வரும் 6 இலக்கக் குறியீட்டை இட்டவுடனேயே மற்றவருடைய கருவி வெளியேற்றப்பட்டுவிடும். அவர் இதற்குள் இரண்டடுக்குச் சரிபார்ப்புக்கான பின் எண்ணை அமைத்திருந்தால், நீங்கள் 7 நாட்கள் காத்திருந்துதான் உள்ளே நுழைய முடியும். ஆயினும் அந்த 7 நாட்களில் அவராலும் உங்கள் எண்ணைப் பயன்படுத்த இயலாது. கணக்குக் கைப்பற்றலுக்கு இன்ஸ்டாகிராமும் ஃபேஸ்புக்கும் தனி மீட்புப் பக்கங்களை வைத்திருக்கின்றன. ஆள்மாறாட்டத்துக்கான படிவத்தை நிரப்பினால் இந்த வகைப் புகார் நகராது.

நீண்ட உழைப்பைக் கேட்பது முதல் வகைதான். ஆகவே இனி வருபவை பெரும்பாலும் அதைப் பற்றியவை.

இரண்டாம் படி: புகாருக்கு முன்பே சான்றுகளைச் சேகரித்தல்

நாங்கள் செய்த முதல் தவறு இங்கேதான் நிகழ்ந்தது. போலிக் கணக்கைக் கண்டவுடன் ஆத்திரத்தில் அதற்குச் செய்தி அனுப்பினோம். அடுத்த நிமிடமே அது எங்களைத் தடைசெய்துவிட்டது. எங்கள் கைபேசியில் அந்தக் கணக்கே தெரியாமல் போயிற்று. போலிக் கணக்கு நடத்துபவர்களில் பலர், உரியவர் கண்ணில் படாதிருக்க முதல் நாளிலேயே அவரைத் தடைசெய்துவிடுகிறார்கள். எனவே அதனுடன் பேசாதீர்கள், எச்சரிக்காதீர்கள். உறவினர் அல்லது நண்பர் ஒருவரின் கைபேசியிலிருந்து அமைதியாகத் திறந்து பாருங்கள்.

முதலில் எழுதிக்கொள்ள வேண்டியது கணக்கின் முழு இணைய முகவரி. திரையில் பெரிதாகத் தெரியும் காட்சிப் பெயரை ஆயிரம் பேர் வைத்துக்கொள்ளலாம். பயனர் பெயர் மட்டுமே ஒரு தளத்தில் ஒருவருக்கு மட்டும் உரியது. ஏமாற்றுபவர் அதில்தான் கைவரிசை காட்டுவார். ஓர் அடிக்கோடு கூடுதலாக இருக்கும், ஒரு புள்ளி இடம் மாறியிருக்கும், ஆங்கிலச் சிறிய எல் எழுத்துக்குப் பதில் ஒன்று என்ற எண் இருக்கும். கண்ணால் பார்த்துத் தட்டச்சு செய்தால் தவறு நேரும். பகிரும் வசதியைப் பயன்படுத்தி இணைப்பை நகலெடுத்து வைப்பதே சரி.

அடுத்து, இன்ஸ்டாகிராமில் கணக்கின் மேற்புற மூன்று புள்ளிகளைத் தொட்டால் கணக்கைப் பற்றிய தகவல் பகுதி ஒன்று வரும். எந்த மாதத்தில் தொடங்கப்பட்டது, எந்த நாட்டிலிருந்து இயங்குகிறது, முன்பு பெயர் மாற்றியதுண்டா என்பவற்றைப் பல கணக்குகளுக்கு அது காட்டும். ஃபேஸ்புக் பக்கங்களுக்கு இதே தகவலைத் தரும் வெளிப்படைத்தன்மைப் பகுதி உண்டு. நீங்கள் 2017-இலிருந்து நடத்தும் கணக்கின் அருகில் சென்ற மாதம் தொடங்கிய கணக்கை வைத்துக் காட்டும்போது, யார் யாரைப் பார்த்து நகலெடுத்தார் என்பதற்குத் தனியாக வாதம் தேவைப்படாது.

இவற்றையெல்லாம் நாளும் நேரமும் தெரியும்படி திரைப்பிடிப்பாக (ஸ்கிரீன்ஷாட்) எடுத்து வையுங்கள். ஏமாந்தவருக்கும் போலிக் கணக்குக்கும் நடந்த உரையாடல், அதில் கொடுக்கப்பட்ட கைபேசி எண், யுபிஐ முகவரி ஆகியவற்றை அவரிடமிருந்தே கேட்டுப் பெறுங்கள். அசல் கோப்பு முதலில் எடுத்த கைபேசியிலேயே அழியாமல் இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டுவிடும் என்பதால் ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள். வழக்கு நீதிமன்றம்வரை செல்லுமாயின், மின்னணுப் பதிவுகளுக்குப் பாரதிய சாட்சிய சட்டம், 2023-இன் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் இணைக்க வேண்டியிருக்கும். எந்தக் கருவியில் யார் எடுத்தது என்ற குறிப்பு அப்போது பயன்படும்.

மூன்றாம் படி: பணம் போயிருந்தால் முதலில் 1930

யாரேனும் பணம் செலுத்தி ஏமாந்திருந்தால், போலிக் கணக்கை நீக்குவதைவிட அந்தப் பணத்தை நிறுத்துவதே அவசரம். தேசிய சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ உடனே அழைக்க வேண்டும். பணம் ஒரு வங்கிக் கணக்கிலிருந்து அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாற்றப்பட்டு வெளியே எடுக்கப்படுவதற்குள் முடக்குவதுதான் அந்த ஏற்பாட்டின் நோக்கம். ஆகவே ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். பரிவர்த்தனையின் 12 இலக்க யுபிஐ குறிப்பு எண், தொகை, நேரம் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு அழைக்கச் சொல்லுங்கள். தம் வங்கியிடமும் அவர் தனியாகத் தெரிவிக்க வேண்டும்.

பலர் தவறவிடும் ஒன்று உண்டு. இங்கே பாதிக்கப்பட்டவர்கள் இருவர், ஆகவே புகார்களும் இரண்டு. பணம் இழந்தவரின் புகாரை அவர்தான் தர வேண்டும். பெயர் களவுபோனவர் தமக்கான புகாரைத் தனியே தர வேண்டும். எங்கள் விருந்தினருக்கு நாங்களே 1930-ஐ அழைத்துப் பேச முயன்று அரை நாளைக் கழித்தோம். அவரே பேசியிருந்தால் அந்த அரை நாள் மிஞ்சியிருக்கும்.

நான்காம் படி: சமூக ஊடகத்தில் முறையான புகார்

"எல்லாரும் சேர்ந்து ரிப்போர்ட் அடியுங்கள்" என்று குழுக்களில் கேட்டுக்கொள்வது நம் ஊரில் வழக்கமாகிவிட்டது. நூறு பேர் அளிக்கும் புகாரால் பெரிய பயன் இல்லை. எத்தனை பேர் புகார் அளித்தார்கள் என்பதை வைத்துத் தாங்கள் நீக்குவதில்லை என்று இன்ஸ்டாகிராமே கூறியிருக்கிறது. ஆள்மாறாட்டப் புகாரில், யாருடைய பெயர் களவாடப்பட்டதோ அவர் அல்லது அவருடைய உரிய பிரதிநிதி அளிக்கும் புகாருக்கே அந்நிறுவனம் பதில் தருகிறது. குழந்தையின் பெயரில் போலிக் கணக்கு இருந்தால் பெற்றோர் அந்தப் பிரதிநிதி ஆகலாம்.

போலிக் கணக்கின் மூன்று புள்ளிகளைத் தொட்டு, புகார் அளிக்கும் பகுதிக்குள் சென்று, இந்தக் கணக்கு வேறொருவராக நடிக்கிறது என்பதைத் தேர்ந்து, அந்த வேறொருவர் 'நான்' என்று குறிப்பிட வேண்டும். தேவையற்ற செய்தி, மோசடி என்ற பொதுவான காரணங்களைத் தேர்ந்தால் உங்கள் அடையாளத்தை யாரும் ஒப்பிட்டுப் பார்க்க மாட்டார்கள். இன்ஸ்டாகிராமில் கணக்கே இல்லாதவர்களுக்கும் உதவிப் பக்கத்தில் ஒரு படிவம் இருக்கிறது. அதில் அரசு அடையாள அட்டையின் படத்தை இணைக்க வேண்டும். மேல்மலைக் கிராமங்களில் சமூக ஊடகமே பயன்படுத்தாத பெரியவர்களின் படத்தை வைத்து மருத்துவ உதவி கேட்டுப் பணம் திரட்டும் கணக்குகளுக்கு இந்தப் படிவமே வழி. வாட்ஸ்அப்பில் வேறொரு எண்ணில் உங்கள் முகப்படம் இருந்தால், அந்த எண்ணிலிருந்து செய்தி பெற்றவர்கள் அதைப் புகாரளிக்கட்டும். அவர்களுக்கு வந்த கடைசி 5 செய்திகள் நிறுவனத்துக்குச் செல்லும்.

அடையாள அட்டையை அனுப்பும்போது கவனம் வேண்டும். ஆதாரை அனுப்புவதாயின், கடைசி 4 இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரை ஆணையத்தின் தளத்திலிருந்து பதிவிறக்கி அனுப்புங்கள். பெயர், முகம், பிறந்த தேதி ஆகியவை தெளிவாகத் தெரிய வேண்டும். உங்கள் அடையாள அட்டையைத் தளத்தின் படிவத்தைத் தவிர வேறெங்கும் ஏற்றாதீர்கள். 'கணக்கை மீட்டுத் தருகிறோம்' என்று கருத்துப் பகுதியில் வரும் எவரிடமும், தாம் நிறுவனத்தின் உதவிப் பிரிவு என்று தனிச்செய்தி அனுப்பும் எவரிடமும் அதைக் கொடுத்தால், அடுத்த போலிக் கணக்குக்கு நீங்களே மூலப்பொருள் தந்ததாகிவிடும்.

எங்கள் முதல் புகார் நிராகரிக்கப்பட்டது. கணக்கு விடுதியின் பெயரில் இருந்தது. நாங்கள் அனுப்பியதோ என் கணவரின் ஆதார். மனிதர் ஒருவரின் அடையாளம் நிறுவனம் ஒன்றின் பெயரோடு பொருந்தாது என்பதை அப்போது நாங்கள் எண்ணிப் பார்க்கவில்லை. இத்தகைய நிலையில் காப்புரிமைப் (காப்பிரைட்) புகார் என்ற இன்னொரு வாயில் உண்டு. இந்தியக் காப்புரிமைச் சட்டம், 1957-இன்படி ஒரு புகைப்படத்தின் ஆசிரியர் அதை எடுத்தவரே. பதிவு செய்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அந்தத் தோட்டத்துப் படங்களை நான் எடுத்திருந்தேன், அசல் கோப்புகளும் என்னிடம் இருந்தன. போலிக் கணக்கிலிருந்த ஒவ்வொரு படத்தின் இணைப்பையும் அதன் அசலையும் வரிசையாகக் கொடுத்தபோதுதான் விஷயம் நகர்ந்தது. விருந்தினர் எடுத்துத் தந்த படங்களுக்கு நீங்கள் உரிமை கோரக் கூடாது. அவர்தான் கோர வேண்டும். மேலும், காப்புரிமைப் புகாரில் நீங்கள் தரும் பெயரும் மின்னஞ்சலும் எதிர்த்தரப்புக்குத் தெரிவிக்கப்படலாம் என்பதால், தனிப்பட்ட மின்னஞ்சலைத் தவிர்த்துத் தொழிலுக்கான முகவரியைக் கொடுங்கள்.

ஐந்தாம் படி: புகார் கேட்கப்படவில்லை என்றால்

தகவல் தொழில்நுட்ப விதிகள், 2021 நமக்கு ஓர் உறுதியான பிடிமானத்தைத் தருகின்றன. ஒவ்வொரு சமூக ஊடக நிறுவனமும் குறைதீர்ப்பு அலுவலர் ஒருவரை நியமித்து அவருடைய தொடர்பு விவரத்தை வெளியிட வேண்டும். மார்பிங் செய்த படங்கள் உள்ளிட்ட மின்னணு ஆள்மாறாட்டத்தைப் பற்றி உரியவரே புகார் அளித்தால் 24 மணி நேரத்துக்குள் அதை அகற்ற நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று, வகுக்கப்பட்டபோதே, விதி 3(2)(ஆ) கூறியது. செயலியில் பொத்தானை அழுத்துவதோடு நிற்காமல், இந்த விதியைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டுக் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுங்கள். கடிதம் நீளமாக இருக்க வேண்டியதில்லை. நான் இன்னார், என் உண்மைக் கணக்கின் முகவரி இது, போலியின் முகவரி இது, இந்த நாளில் செயலியில் புகார் அளித்தேன், அதன் எண் இது, இன்னும் அகற்றப்படவில்லை என்ற ஆறு செய்திகள் போதும்.

அவருடைய முடிவு நிறைவளிக்காவிட்டால், மத்திய அரசு அமைத்துள்ள குறைதீர்ப்பு மேல்முறையீட்டுக் குழுவை 30 நாட்களுக்குள் இணையவழியிலேயே அணுகலாம். 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் பிறந்த இந்த ஏற்பாட்டைப் பற்றி நம் மலையில் கேள்விப்பட்டவர்களே அரிது. அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

காவல்துறைப் புகாருக்கு இதையெல்லாம் முடிக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. தேசிய சைபர் குற்றத் தளத்தில் புகாரைப் பதிந்து ஒப்புகை எண்ணைப் பெறலாம். மாவட்டத் தலைநகரான திண்டுக்கல்வரை மலையிறங்கிப் போக வேண்டுமே என்று பலர் தயங்கி விட்டுவிடுகிறார்கள். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவின்படி, எல்லைக்கு உட்பட்டதா என்று பாராமல் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் தரலாம். மின்னணு வழியில் அனுப்பினால் 3 நாட்களுக்குள் கையொப்பமிட வேண்டும். மனுவில் பிரிவுகளைக் குறிப்பிடுவது நல்லது. தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இன் 66சி பிரிவு பிறருடைய அடையாளத்தைக் களவாடுவதற்கும், 66டி பிரிவு கணினி வழியாக ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவதற்கும் உரியவை. இரண்டிலும் 3 ஆண்டுகள்வரை சிறையும் 1 லட்சம் ரூபாய்வரை அபராதமும் உண்டு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 319-ஆம் பிரிவு ஆள்மாறாட்ட மோசடிக்கு 5 ஆண்டுகள்வரை சிறைத் தண்டனை விதிக்கிறது.

ஒரு பெண்ணின் முகத்தை ஒட்டி ஆபாசப் படம் செய்திருந்தால் வழி வேறு. சைபர் குற்றத் தளத்தில் பெண்கள், குழந்தைகளுக்கான பகுதியில் பெயர் சொல்லாமலும் புகார் அளிக்கலாம். ஸ்டாப்என்சிஐஐ என்ற சேவை, படத்தை எங்கும் ஏற்றாமல், அதன் எண் அடையாளத்தை மட்டும் நம் கைபேசியிலேயே உருவாக்கி, அதில் இணைந்துள்ள ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற தளங்களுக்கு அனுப்புகிறது. அந்தப் பெண்ணின் வீட்டார் முதலில் அவள் பக்கம் நிற்க வேண்டும். அவளிடமிருந்து கைபேசியைப் பறிப்பது சான்றையும் பறிப்பதாகும்.

ஆறாம் படி: அடுத்த சீசனுக்கு முன் அடையாளத்தை நிறுவுதல்

கணக்கு யாருடைய எண்ணில், யாருடைய மின்னஞ்சலில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். நம் பகுதியில் பல விடுதிகளின் பக்கங்களைத் தொடங்கித் தந்தவர் கைபேசிக் கடைத் தம்பியாகவோ, இரண்டு சீசன் வேலை பார்த்துவிட்டுக் கீழே இறங்கிப்போன பணியாளராகவோ இருப்பார். அந்தத் தம்பி நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அவர் ரீசார்ஜ் செய்யாமல் விட்ட எண், துண்டிக்கப்பட்டு 90 நாட்கள் கழிந்தபின் வேறொருவருக்கு ஒதுக்கப்படலாம். அன்று உங்கள் கணக்கின் சாவி முன்பின் தெரியாத ஒருவரிடம் இருக்கும். இன்றே உங்கள் சொந்த எண்ணுக்கு மாற்றுங்கள். தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை இணைப்புகள் இருக்கின்றன என்பதையும் பார்த்து, அறியாத எண்ணைத் துண்டிக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது பெயர். ஆதாரில் தந்தை பெயரின் முதலெழுத்து முன்னால் இருக்கும். பான் அட்டையில் தந்தை பெயர் முழுமையாக விரிந்திருக்கும். கணக்கிலோ செல்லப்பெயர் இருக்கும். முத்துலட்சுமி என்ற ஒரே பெயரை ஆங்கிலத்தில் நான்கு விதமாக எழுதுகிறோம். சரிபார்ப்பவருக்கு அவர் நால்வர். ஓர் அட்டையைத் தேர்ந்து, கணக்கின் பெயரை எழுத்துக்கு எழுத்து அதோடு பொருத்துங்கள். விடுதி, கடை போன்றவற்றுக்கு உரிமம், வரிப் பதிவு, மின்கட்டண ரசீது ஆகிய மூன்றிலும் ஒரே பெயரும் முகவரியும் இருக்குமாறு சரிசெய்து நகலெடுத்து வையுங்கள்.

கணக்கின் பெயரருகே வரும் நீலக்குறியைப் (ப்ளூ டிக்) பற்றிப் பலர் கேட்கிறார்கள். 2009-இல் ட்விட்டர் அதைக் கொண்டுவந்தபோது, இந்தக் கணக்கு இன்னாருடையதே என்று நிறுவனம் சோதித்துச் சொன்னதாக அதற்குப் பொருள். 2022 நவம்பரில் மாதம் 8 டாலருக்கு அது விற்கப்பட்டபோது, எலி லில்லி என்ற மருந்து நிறுவனத்தின் பெயரில் ஒருவர் நீலக்குறியோடு கணக்கு தொடங்கி, இன்சுலின் இனி இலவசம் என்று அறிவித்தார். விற்பனையே சில நாட்களில் நிறுத்திவைக்கப்பட்டது. ஆகவே குறி எந்தத் தளத்தில், எதைச் சோதித்துத் தரப்பட்டது என்று பார்க்க வேண்டும். 2023 ஜூனில் இந்தியாவுக்கு வந்த, ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமுக்கான மாதக் கட்டணச் சேவையான மெட்டா வெரிஃபைடு அரசு அடையாள அட்டையைக் கேட்கிறது, 18 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்கிறது, குறி பெற்றபின் பெயரை மாற்றினால் மறுபடியும் சரிபார்க்கிறது. தொழில் நடத்துபவருக்கு அந்த மாதக் கட்டணம் தகும் என்பது என் கருத்து. தம் பெயரில் எதையும் விற்காத ஆசிரியைக்கு நான் அதைப் பரிந்துரைக்கவில்லை.

கட்டணமில்லாத சரிபார்ப்பு ஒன்றும் உண்டு. உங்கள் ஒவ்வொரு கணக்கிலும் மற்றக் கணக்குகளின் முகவரியைப் போட்டு ஒன்றையொன்று சுட்டச் செய்யுங்கள். கூகுள் வரைபடத்தில் உங்கள் இடத்துக்கு நீங்களே உரிமை கோரி அதே எண்ணை அதில் இடுங்கள். எங்கள் கணக்கின் முகப்பில், முன்பணம் பெறும் வங்கிக் கணக்கு இன்னார் பெயரில்தான் இருக்கும் என்று எழுதியிருக்கிறோம். பணம் அனுப்பும் முன் யுபிஐ செயலி வங்கியில் உள்ள பெயரைக் காட்டும். அது பொருந்தாவிட்டால் விருந்தினர் அந்த நொடியிலேயே நின்றுவிடுவார். யாரேனும் ஐயப்பட்டால் காணொளி அழைப்பில் வாசல் பலகையைக் காட்டுகிறோம்.

இறுதியாக, உள்நுழைவுக்கான இரண்டாம் அடுக்கு. குறுஞ்செய்தி வழியாக வரும் குறியீட்டை நம்பி இருப்பது மலையில் வாழ்பவர்களுக்கு ஒத்துவராது. மழைக்காலத்தில் சிக்னல் போனால் குறியீடு வந்து சேர்வதற்குள் காலாவதியாகிவிடுகிறது. ஆத்தென்டிகேட்டர் செயலி உங்கள் கைபேசியில் முன்பே சேமித்த ரகசிய எண்ணையும் அப்போதைய நேரத்தையும் கொண்டு 30 விநாடிக்கு ஒரு குறியீட்டைத் தானே கணக்கிடுவதால், அதற்குச் சிக்னலே தேவையில்லை. கைபேசியின் கடிகாரம் தானாகச் சரியாகும் அமைப்பில் இருக்க வேண்டும். நேரம் பிசகினால் குறியீடும் பிசகும். தளம் தரும் மீட்புக் குறியீடுகளைக் கைபேசியிலேயே படமாக வைக்காமல், காகிதத்தில் எழுதி நிலப்பத்திரம் இருக்கும் பெட்டியில் வையுங்கள்.

நாங்கள் இப்போது ஏப்ரல் முதல் வாரத்திலும், இரண்டாம் சீசனுக்கு முன்னர் ஆகஸ்ட் கடைசியிலும், வத்தலக்குண்டில் இருக்கும் என் தங்கையின் கைபேசியிலிருந்து எங்கள் விடுதியின் பெயரைத் தேடிப் பார்க்கிறோம். எங்களைத் தடைசெய்த கணக்கும் அவளுக்குத் தெரியும் என்பதால் அவள் கைபேசியிலிருந்தே பார்க்க வேண்டும். சென்ற ஏப்ரலில் புள்ளி ஒன்று கூடுதலாக உள்ள ஒரு கணக்கு கிடைத்தது. இரண்டே படங்கள் போட்டிருந்தார்கள், முன்பணம் யாரும் செலுத்தியிருக்கவில்லை. ஆவணங்கள் அணியமாக இருந்ததால் மறுநாள் மாலைக்குள் அது அகற்றப்பட்டது.